கொடி கட்டுகிறவர் பட்டியலில் வருவதில்லை

கட்சிகள் வேட்பாளர் பட்டியலை வெளியிட்ட மறுநாள் காலை என் மாமனாரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வராந்தாவில், பத்திரிகையை மடியில் விரித்துக்கொண்டு, கையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். மொரீஷியஸ் தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். ஆக ஒவ்வொரு கூட்டணிக்கும் 60 முகங்கள். பெயரைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், பக்கத்தில் ஒரு குறி போடுவார். முஸ்லிமுக்குப் பிறை, ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோலுக்கு வட்டம், சீனருக்குப் புள்ளி, தமிழருக்கு வேல். பீகார் பக்கத்திலிருந்து வந்த இந்துக்களுக்கு மட்டும் ஒரு குறி போதாது. அங்கே வைஷ், ராஜ்புத், ரவிவேத், மராஜ் என்று உட்கணக்கு உண்டு, அதற்கெல்லாம் தனித்தனிச் சுழி. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பேனாவை மூடிக்கொண்டு, "இந்தத் தடவையும் நமக்குக் குறைச்சல்தான்" என்பார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தடவைகூட அவருக்குக் கணக்கு சரியாக வந்ததில்லை.

முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான் மதுரைப் பக்கத்துக்காரி. ஆளைப் பார்த்துச் சாதி கண்டுபிடிக்கிற வித்தை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஊரில் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்பார்கள்: எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலசாமி எது? மூன்றாவது கேள்விக்குள் விடை கிடைத்துவிடும். இங்கே சுற்றி வளைப்பதில்லை. "கி நாசியோன்?" அவ்வளவுதான். எந்த நாடு என்று அர்த்தமில்லை, எந்தக் கூட்டம் என்று அர்த்தம்.

2002இல் கல்யாணமாகி வந்தேன். 2005 பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டேன், இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே. காமன்வெல்த் நாட்டுக்காரர் யாராக இருந்தாலும் இரண்டு வருடம் இங்கே குடியிருந்தால் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். போனில் சொன்னபோது அப்பா நம்பவில்லை, "ஏமாத்துறாங்கம்மா" என்றார். வாக்குச்சீட்டில் மூன்று பேருக்குக் குறி போட வேண்டும், குறைந்தால் சீட்டு செல்லாது. வீட்டில் சண்டை வருவது அந்த மூன்றாவது குறியில்தான். முதல் இரண்டு கட்சிக்கு. மூன்றாவது 'நம்ம ஆளுக்கு', அவர் எதிர் அணியில் நின்றாலும். இந்த 'நம்ம ஆள்' மனப்பான்மைக்கு, தீவே பேசுகிற கிரியோல் மொழியில் 'நூ பான்' என்று பெயர். அதற்கு ஒரு வாலையும் ஒட்டி 'நூபானிஸ்ம்' ஆக்கிவிட்டார்கள். மார்க்சியம், காந்தியம் மாதிரி.

பாவம், இந்தக் கணக்கை மாமனார் கண்டுபிடிக்கவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே அது இருக்கிறது. மொத்த ஜனமும் நான்கு கட்டத்துக்குள்: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இந்த மூன்றிலும் அடங்காத மிச்சப் பேர் எல்லாரும் 'பொதுமக்கள்'. வேட்புமனுவில் ஒவ்வொருவரும் தன் கட்டத்தைச் சொல்ல வேண்டும். தேர்தல் முடிந்ததும் எந்தக் கட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று பார்த்து, தோற்றவர்களில் நன்றாக வாக்கு வாங்கியவர்களாக எட்டுப் பேர் வரை சபைக்குள் எடுத்துக்கொள்வார்கள். ஊரெல்லாம் இதை 'பெஸ்ட் லூசர்' என்கிறது. 1968 சுதந்திரத்துக்கு முன், பெரும்பான்மை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுமோ என்று மற்றவர்கள் பயந்த காலத்தில் வந்த ஏற்பாடு. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 1982, 1995, 2024 என்று மூன்று தடவை தீவின் 60 இடங்களையும் ஒரே அணி வாரிக்கொண்டு போயிருக்கிறது. அப்படிப்பட்ட சபையில் எதிரே உட்கார நாலு பேராவது வேண்டாமா?

கோளாறு கட்டங்களில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று சொல்ல மக்கள்தொகைக் கணக்கு வேண்டும். 1982இல் சட்டத்தைத் திருத்தி, சமூகத்தைப் பற்றிய கேள்வியைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேள்வி போய்விட்டது, கட்டம் போகவில்லை. அதனால் இடத்தைப் பங்கு போட இன்றைக்கும் 1972 கணக்குத்தான். நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்தது.

அந்தப் 'பொதுமக்கள்' கட்டத்தைத் திறந்து பாருங்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர், மலகாசியரின் பேரப்பிள்ளைகளான கிரியோல்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளின் பேரப்பிள்ளைகளும் அதிலேயே இருக்கிறார்கள். 1835 பிப்ரவரி 1இல் அடிமைமுறை ஒழிந்தபோது முதலாளிகளுக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு கிடைத்தது. அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிரதிநிதி போதும் என்கிறது சட்டம்.

நாம் மட்டும் என்ன? தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லாரும் 'இந்து' கட்டம். ஆனால் இங்கே எந்தத் தமிழரைக் கேட்டாலும், "நான் இந்து இல்லை, தமிழ்" என்பார். தமிழ் இங்கே மொழியின் பெயரை விட அதிகமாகச் சமயத்தின் பெயர். என் மாமியாருக்குத் தமிழில் நாலு வாக்கியம் சேர்த்துப் பேச வராது. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பார். அதுதான் அவர் தமிழ்.

கட்டத்தை நிரப்ப மாட்டேன் என்றவர்களும் உண்டு. ரெசிஸ்தான்ஸ் எக் அல்தெர்னாதிவ் என்ற சின்னக் கட்சி 2005இலிருந்து நீதிமன்றப் படியேறியது. சமூகத்தைச் சொல்லாததால் மனுக்கள் தள்ளுபடியாயின. ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 2012இல், இப்படிக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று அந்தக் குழு சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகமாக ஒரு சட்டம் போட்டு, விருப்பமில்லாதவர் சொல்ல வேண்டாம் என்றார்கள். 2019இல் பழைய குருடி கதவைத் திறடி. இதற்கு முன்பே தேர்தல் சீர்திருத்தத்துக்கு ஆல்பி சாக்ஸ் குழு, நடுவில் வெள்ளை அறிக்கை, 2018இல் முக்கால் பங்கு பெரும்பான்மை கிடைக்காமல் கைவிடப்பட்ட மசோதா என்று நிறைய நடந்தது. அதையெல்லாம் விவரித்தால் உங்களுக்குத் தூக்கம் வரும்.

கட்டங்கள் காகிதத்தில் மட்டுமில்லை, பர்சிலும் இருக்கின்றன. கல்யாணமான புதிதில் மாமனார் ரூபாய் நோட்டுகளை மேசையில் பரப்பி எனக்குப் பாடம் எடுத்தார். 25 ரூபாயில் ஆ-சுவென், சீனர். 50இல் பத்துரோ, வெள்ளைக்காரர். 200இல் அப்துல் ரசாக் முகமது. 1000இல் கிரியோல்களின் ராஜாவான கயேத்தான் துவால். 500இல் பிசுண்டயால், 2000இல் ராம்கூலம். 100 ரூபாயைக் கடைசியாக வைத்து, "இது நம்ம ஆள்" என்றார். ரெங்கநாதன் சீனிவாசன், தொழிற்கட்சி வக்கீல், சுதந்திரத்தைப் பார்க்காமல் 1958இல் இறந்துபோனவர். எனக்கு அப்போதே ஒன்று தோன்றியது, புது மருமகள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்: ஏழு முகமும் ஆண்கள்.

அந்த நோட்டுகள் 1998இல் முதலில் வந்தபோது இந்தி எழுத்துக்குக் கீழே தமிழ் எழுத்து இருந்ததாம். முன்பு தமிழ்தான் மேலே. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அரசு நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழை மேலே வைத்து மறுபடி அச்சடித்தது. மாமனார் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஊர்வலம் போனவர். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் உயரும். அந்த நோட்டில் இருக்கிற தமிழை அவருக்குப் படிக்க வராது. கேலிக்காகச் சொல்லவில்லை. படிக்கத் தெரியாத எழுத்துக்காக ஒருவர் தெருவில் இறங்குகிறார் என்றால், 'நம்மைக் கீழே வைத்துவிட்டார்கள்' என்ற வலி எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும்! அந்த வலிக்குக் கட்சிகள் மருந்து வைத்திருக்கின்றன. கடைசி கவர்னர் ஜெனரலும் முதல் குடியரசுத் தலைவரும் வீராசாமி ரிங்காடு. அங்கிடி செட்டியார் இரண்டு தடவை துணைத் தலைவர், பிறகு பார்லன் வியாபுரி. மாலை, கார், கொடி எல்லாம் உண்டு. பிரதமர் நாற்காலி வேறு கதை. இதுவரை ஐந்து பேர் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் நான்கு பேர் ராம்கூலம், ஜக்நாத் என்ற இரண்டே குடும்பம், அப்பா மகன், அப்பா மகன்.

சரி, இதெல்லாம் மேல்மாடிக் கதை. நான் சொல்ல வந்தது எங்கள் தெருவில் நடந்தது.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் 'சித்தே' ஆரம்பிக்கிறது. 1960இல் கரோல் புயல் தீவைப் புரட்டிப் போட்ட பிறகு அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பு. சின்னச் சின்ன வீடுகள், பெரும்பாலும் கிரியோல் குடும்பங்கள். முதல் வீடு தாந்தீனுடையது. தாந்தீன் என்றால் அத்தை மாதிரி. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். துணி ஆலையில் 17 வருடம் தைத்தவர். ஆலை மூடியதும் வீட்டு வேலைக்குப் போனார். அவர் கட்சிக்காரர். எந்தக் கட்சி என்பது வேண்டாம், எந்தக் கட்சியாக இருந்தாலும் கதை இதேதான்.

தேர்தல் வந்தால் தெருமுனையில் மூங்கிலும் தகரமும் வைத்து ஒரு கொட்டகை முளைக்கும். 'பாஸ்' என்பார்கள். அதற்கு அச்சாணி தாந்தீன்தான். காலையில் 50 பேருக்கு டீ, காதோ பிமா (நம்ம பருப்பு வடைக்குத் தங்கச்சி). பகலில் வீடு வீடாகப் போவார். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, எந்தப் பையன் வெளிநாட்டில், எந்தக் கிழவிக்கு வண்டி அனுப்ப வேண்டும், எல்லாம் மனப்பாடம். ராத்திரியில் பையன்களோடு கம்பத்தில் ஏறி ஓரிஃப்லாம் கட்டுவார். கட்சி நிறத்தில் தெருவுக்குக் குறுக்கே தோரணம் மாதிரி ஆடுமே, அந்த பிளாஸ்டிக் கொடி. ஐம்பது வயதில் ஏணி ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். கட்சி வேட்பாளர் ஒருவர் 150,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று பழைய சட்டம் ஒன்று சொல்கிறது. ஒரு கூட்டத்து பிரியாணிக்கே அது போதாது. தாந்தீன் மாதிரி ஆட்களின் கூலியில்லா உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

2012 டிசம்பரில் நகராட்சித் தேர்தல் வந்தது. அதற்கு முன்பு ஒரு நல்ல சட்டம் போட்டிருந்தார்கள்: உள்ளாட்சித் தேர்தலில் எந்தக் கட்சியும் நிறுத்துகிற வேட்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பாலினத்தவராக இருக்கக் கூடாது. கட்சிகள் திடீரென்று பெண்களைத் தேடி அலைந்தன. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். தேடி வந்தது என் நாத்தனாரை. அவள் ஒரு அலுவலகத்தில் கணக்காளர். எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போனதில்லை, தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டுக் கடலுக்குக் குளிக்கப் போகிற ரகம். ஆனால் பெண், அதோடு தமிழ். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மாமனாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நம்மைத் தேடி வந்திருக்கிறார்கள்" என்று சமையலறைக்கு வந்து மூன்று தடவை சொன்னார்.

நாத்தனார் முடியாது என்றுவிட்டாள். வந்தவர்கள் விடவில்லை: "தெரிந்த தமிழ்ப் பெண் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்." டீ கொடுத்துக்கொண்டிருந்த நான் கேட்டுவிட்டேன், "பெண்தானே வேண்டும்? தாந்தீனைக் கேட்கலாமே?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் ரொம்பப் பணிவாகச் சொன்னார். "அவர் எங்கள் தூண், மதாம். அவர் இல்லாமல் இந்தப் பக்கம் கட்சியே இல்லை. ஆனால் இந்த வார்டில் கிரியோல் இடம் நிரம்பிவிட்டது."

அந்த இடத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஆண் ஆசிரியர், வேறு பகுதிக்காரர். அதாவது கிரியோல் என்ற கட்டத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார், தாந்தீனுக்கு இடமில்லை. பெண் என்ற கட்டம் காலியாக இருக்கிறது, ஆனால் அதில் தமிழை உட்கார வைக்க வேண்டும், தாந்தீனுக்கு இடமில்லை. 17 வருடம் ஆலையில் தைத்தவர், சித்தேயில் வாடகையும் தண்ணீரும் என்ன பிரச்சினை என்று தெரிந்தவர் என்பதற்குக் கட்டமே கிடையாது.

டீ குடித்துவிட்டு அவர்கள் போனார்கள். எங்கள் வீட்டுக்கு வர தாந்தீன் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். போகும்போதும் தாண்டித்தான் போக வேண்டும். அவர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இரண்டு தடவையும் "போன்ஸ்வார் தாந்தீன்" சொன்னார்களாம்.

மாமனாரிடம் அன்றைக்கு ராத்திரி கேட்டேன், "மாமா, நமக்குக் குறைச்சல் என்கிறீர்களே, அவருக்கு என்ன?" அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். "அதை அவர்கள் ஆட்கள் கேட்க வேண்டும்." இந்தத் தீவில் அவரவர் குறையை அவரவர் கூட்டம்தான் கேட்கும். கோயில் கூட்டமைப்பு தமிழருக்குக் கேட்கும், சபாக்கள் தங்கள் சாதிக்குக் கேட்கும். எல்லாரும் கேட்பது டாக்டருக்கும் வக்கீலுக்கும்தான். கிரியோல்களுக்குக் கேட்க யார்? 'மலேஸ் கிரியோல்', கிரியோல்களின் மனப்புழுக்கம், என்று ஒரு பேரை 1993இல் ரோஜே செர்வோ என்ற பாதிரியார்தான் சொல்ல வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் கிரியோல் பாடகர் காயா போலீஸ் காவலில் செத்துப்போனபோது தீவு நாலு நாள் எரிந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கட்சியும் கிரியோல் முகம் தேடின. முகம் கிடைத்தது.

மதுரைக்காரி இதைப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். மேலூர்ப் பக்கம் எங்கள் கிராமம். 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இன்னும் சிலரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றார்கள். தலித்துக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் தலித் ஒருவர் உட்கார்ந்தார் என்பதற்காக. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கொலையை நியாயப்படுத்தவில்லை. யாரும் அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்ததாகவும் ஞாபகமில்லை. அதே போலத் தலித்துக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 1996இலிருந்து பத்து வருடம் அந்தப் பதவியில் யாரையும் நிலைக்க விடவில்லை, 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது.

இங்கே யாரும் யாரையும் வெட்டுவதில்லை. டீ குடித்துவிட்டு, போன்ஸ்வார் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆயிரம் மடங்கு மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் இரண்டு ஊரையும் பார்த்தவளாகச் சொல்லத் தோன்றுகிறது. கீரிப்பட்டியில் எவ்வளவு தடுத்தும் சட்டம் அந்த நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுக்க விடவில்லை. கூலி வேலை செய்கிறவர் ஒருநாள் அதில் உட்கார்ந்தே தீர வேண்டியிருந்தது. இங்கே 'பொதுமக்கள்' நாற்காலியில் தோட்ட முதலாளி உட்கார்ந்தாலும் கணக்கு நேராகிவிடும். தமிழ்நாட்டுக் கட்சிகளையும் நான் மெச்சவில்லை. சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கு, 2 பழங்குடியினருக்கு. அந்த 46ஐத் தாண்டி 47ஆவது ஒன்றைக் கட்சிகள் தாங்களாகக் கொடுப்பது அபூர்வத்திலும் அபூர்வம். சட்டம் தள்ளினால்தான் கட்சிக் கதவு திறக்கும், தள்ளின அளவுதான் திறக்கும். இது அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

தாந்தீனிடம் அந்தச் சாயங்காலக் கதையை நான் சொல்ல ஐந்து வருடம் ஆனது. வெட்கமாக இருந்தது. சொன்னதும் அவர் சிரித்தார். "எனக்கு அன்றைக்கே தெரியும், தீஃபி (பெண்ணே என்று அர்த்தம்). வந்தவர்களில் ஒருத்தன் என் மருமகனோடு வேலை செய்கிறவன்." பிறகு, "கேட்டிருந்தாலும் நான் போயிருப்பேனா தெரியாது. மேடையில் பேசுவேன், அது கிரியோல். சபையில் இங்கிலீஷ் வேண்டும், இல்லாவிட்டால் பிரெஞ்சு" என்றார். நகராட்சியையும் நாடாளுமன்றத்தையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார், ஆனால் சொன்னது சரி. அரசியலமைப்பின் 49ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஓட்டுக் கேட்பது முழுக்க கிரியோலில். ஓட்டு வாங்கி உள்ளே போன பிறகு ஆட்சிமொழி ஆங்கிலம், பிரெஞ்சில் பேசவும் அனுமதி உண்டு. தீவே பேசுகிற மொழிக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

"சரி தாந்தீன், நின்றிருந்தால் எந்தக் கட்டம் என்று எழுதியிருப்பீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"கட்டத்தை எழுதுவதற்கு முன்னால், போஸ்டருக்குப் பசை யார் காய்ச்சுவார்கள் என்று சொல்லு."

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, பொதுத் தேர்தல். மாமனாருக்கு இப்போது கண் சரியில்லை. அதற்கு முன்பு பட்டியல் வந்தபோது நான் வாசிக்க, அவர் குறி போட்டார். இந்தத் தடவையும் குறைச்சல்தான். தேர்தல் முடிவில் ஒரே கூட்டணிக்கு 60க்கு 60 வந்தது. கட்டத்தை நிரப்ப மறுத்து இத்தனை வருடம் வழக்குப் போட்ட சின்னக் கட்சியும் ஜெயித்த கூட்டணியில் இருந்தது. தேர்தல் சீர்திருத்தம் வரும் என்கிறார்கள். மாமனார் நம்புகிறார்.

ஒரு வாரம் கழித்து தாந்தீன் வீட்டுக்கு ஷூஷூ கொடி கேட்டுப் போனேன், சௌசௌதான். பின்பக்கம் கோழிக்கூண்டின் மேல் ஏறி நின்று எதையோ இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மழைக்காலம் வரப்போகிறதே என்று பழைய ஓரிஃப்லாம்களை அடுக்கடுக்காகக் கூரையாகப் போட்டிருக்கிறார். அடியில் வெளுத்துப்போன நீலம், அதன் மேல் ஊதா, அதன் மேல் ஆரஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே புதுச் சிவப்பு. எல்லாக் கட்சியும் அந்தக் கூரையில் இருக்கிறது.

"ஒரு முனையைப் பிடி, தீஃபி" என்றார். பிடித்தேன்.